மூலைக் கல்லுக்கு மேலே வெளிச்சம்

ஆகாயத்துக்கு ஏக்கர் என்ன விலை என்று கேட்டால் சிரம்பான் வைரவன் செட்டியாரால் சட்டென்று சொல்ல முடியும்: இருபதாயிரம் ரிங்கிட். கெமாஸ் போகும் வழியில் அவருக்கிருந்த ஐந்து ஏக்கர் ரப்பர்ப் பால்மர மேட்டை ஏக்கர் தொண்ணூறாயிரத்துக்குப் பேச வந்த டொனால்ட், அங்கே பொழுது சாய்ந்தால் வெளிச்சம் நடமாடுகிறது என்று கேள்விப்பட்டதும் எழுபதுக்கு இறங்கிவிட்டார். மண்ணில் ஒரு குறையும் சொல்லவில்லை. மேலே இருப்பதற்குத்தான் அந்தத் தள்ளுபடி.

எழுபதென்றால் மூன்றரை லட்சம். மகள் மதுமிதாவின் பல் மருத்துவப் படிப்புக்கோ நாலு லட்சம் கட்டியாக வேண்டும். அந்த வெளிச்சம் வெறும் இயற்கைதான் என்று நேரிலேயே காட்டிவிடத் துணிந்த வைரவன், டொனால்டையும் அவர் மனைவி பெட்ரிசியாவையும் அந்திப் பொழுதில் மேட்டுக்கு அழைத்து வந்தார். பேரம் படிந்ததும் உடைக்க ஒரு தேங்காயும் காரில் இருந்தது.

இருட்டுவதற்குள் மூன்று வெளிச்சங்கள் மரங்களுக்கு மேலே வந்தன. சத்தமே இல்லை.

"மின்மினி," என்றார் வைரவன்.

"மின்மினி மினுக்கும் செட்டியார். இது அணையவே இல்லயே," என்றார் டொனால்ட். செனாவாங்கில் நாலு லாரி வைத்திருந்தாலும் எஸ்டேட்டில் பிறந்தவர்.

"அப்ப சேட்டிலைட் லா. வரிசையா போகுது பாருங்க."

வரிசை கலைந்தது. ஒன்று நின்றது; மற்ற இரண்டும் வந்த வழியே திரும்பின.

"சேட்டிலைட் யூ-டர்ன் அடிக்குமா அங்கிள்?" என்றாள் பெட்ரிசியா.

வைரவன் கையிருப்பையெல்லாம் இறக்கினார். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்கப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். உளுத்த மரத்தில் ஒளிரும் பூஞ்சை அதன் இறகில் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குட்டையில் கிளம்பும் வாயு. அதுவுமில்லையென்றால் நெடுஞ்சாலை லாரி விளக்கு மூடுபனியில் பட்டுத் திரும்புவது. எதுவும் பாதிதான் பொருந்தியது. சத்தமில்லாதது ஆந்தைக்குச் சரி, அந்தரத்தில் நின்றது சரியில்லை. நின்றது வாயுவுக்குச் சரி, காற்றை எதிர்த்துப் போனது இடித்தது.

"ஒரு காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்," என்றார் டொனால்ட். "அஞ்சு சொல்றீங்க. லாரில என்ன கோளாறுன்னு தெரியாத மெக்கானிக்தான் இப்படிப் பேசுவான்."

நின்றிருந்த வெளிச்சம் அப்போது மெல்ல இறங்கி, வடக்கு மூலையிலிருந்த எல்லைக்கல்லுக்கு நேர் மேலே வந்தது. மரங்களின் நிழல் புல்லில் ஊர்ந்தது. வைரவனின் வாய் "வாயுதான்" என்றது. கால் செருப்பைக் கழற்றியது. கை காரிலிருந்த தேங்காயை எடுத்துவந்து கல்லில் போட்டு உடைத்தது. கும்பிட்டு நிமிர்ந்தால், மேலே ஒன்றுமில்லை.

"வாயுவுக்கா அங்கிள் தேங்கா உடைச்சீங்க?"

வைரவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். விற்கிறவனே சரக்கைப் பார்த்துப் பயந்தால் வியாபாரம் விளங்கினாற்போலத்தான். அதைவிட, என்னத்தைக் கும்பிட்டோம் என்பதே பிடிபடவில்லை.

டொனால்ட் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மனைவியிடம் குசுகுசுத்தார்.

"எங்க எஸ்டேட்ல சொல்வாங்க செட்டியார். உலாத்துற சாமிக்கு ஒரு மூலையக் குடுத்துட்டா, மத்த எடத்துக்கு அது வராது. நான் சர்ச்சுக்குப் போறவன்தான், இருந்தாலும் வளந்த எடம் அப்படி. நீங்க தேங்கா உடைச்சுக் குடுத்துட்டீங்க. அந்த மூலை கால் ஏக்கர் எனக்கு வேணாம். மிச்சத்த எண்பதுக்கு எடுத்துக்கிறேன்."

"அது சாமியில்ல தம்பி. இயற்க."

"இயற்கன்னா என்னன்னு சொல்லுங்க. சொல்லத் தெரியலன்னா அஞ்சு ஏக்கரும் எழுபதுதான். சாமின்னா எண்பது."

வைரவன் அண்ணாந்து பார்த்தார். ஆந்தையாவது ஒன்று பறந்து மானத்தைக் காப்பாற்றாதா என்றிருந்தது. மேகம்தான் இருந்தது.

"சாமிதான்," என்றார்.

"என்ன சாமி?" என்றாள் பெட்ரிசியா.

"அத அப்புறம் பாத்துக்கலாம் லா," என்று காரில் ஏறினார்.

சிரம்பான் திரும்பும் வழியெல்லாம் மனக்கணக்கு ஓடியது. நாலே முக்கால் ஏக்கர், எண்பதாயிரம் வீதம், வரவு மூன்று லட்சத்து எண்பதாயிரம். மதுமிதாவின் படிப்புக்கு நாலு லட்சம். துண்டு விழுவது இருபதாயிரம். கால் ஏக்கர், சாமி பேரில் பற்று. எந்தச் சாமி என்ற இடம் மட்டும் காலி.