மூடியின் மேல் உட்கார்ந்தவள்

பௌர்ணமிக் கடல் பெருக்கில் நாலு விரல் உயரம் எழும்பிய கான்கிரீட் மூடி, லிரோக் அதன்மேல் உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. மார்ஷல் தீவுகளின் வடமேற்கு மூலையில், ஆள் குடியில்லாத தீவொன்றில் இது நடந்தது. ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பட்டாளம் அங்கே அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. பிறகு நஞ்சேறிய மண்ணைச் சுரண்டி, சிமென்டோடு குழைத்து, குண்டு தோண்டிய பள்ளத்திலேயே கொட்டி, ஒன்றரை அடி கனத்துக்கு மூடி போட்டுவிட்டுக் கப்பலேறியது. பள்ளத்துக்கு அடித்தளம் போடவில்லை. கடல் கீழ்வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. லிரோக்கும் அவள் புருஷன் பாலிக்கும் பட்டாளம் விட்டுப்போன செம்புக் கம்பி பொறுக்க, குடியிருந்த பக்கத்துத் தீவிலிருந்து படகில் போயிருந்தார்கள். அவளுக்குக் கால் வலித்தது, உட்கார்ந்தாள்.

அதிலிருந்து பத்தொன்பது வருஷம், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மாலைப் பெருக்கு நேரத்தில் அவள் போய் உட்கார்ந்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் கனத்த ஆட்கள் ஏழு பேர் சேர்ந்து ஏறி நின்று பார்த்தார்கள். மூடி அவர்களையும் சேர்த்துத் தூக்கியது. அவள் உட்கார்ந்து, பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல் நாலு தட்டு தட்டினால் இறங்கியது. அளவுக் கருவிகளோடு வந்த அதிகாரிகள் அவளைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, மூடி அசையவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"கட்டுன புருஷன விட்டுட்டு கல்லத் தட்டிக் குடுத்துட்டிருக்கா" என்பான் பாலிக்.

"கல்லு கொறட்டை விடாதுய்யா" என்பாள் அவள்.

ஹவாயில் இருந்த மகள் ஹெர்மினா பிரசவத்துக்கு அம்மா வேண்டும் என்று போன் பண்ணினாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கரு கலைந்திருந்தன. லிரோக் முடியாது என்று சொல்லிவிட்டு, சீமைப்பலாவைச் சுட்டபடியே அழுதாள். பாலிக் அவள் கையிலிருந்த குச்சியை வாங்கி வைத்தான்.

"நஞ்சப் பொதச்சவனெல்லாம் அவனவன் வீட்டுக்குப் போய்ட்டான். உனக்கு மட்டும் மக வீடு இல்லியா? கெளம்பு. நான் உக்காந்துக்கறேன்."

"உன்ன அது மதிக்காது."

"நீ மட்டும் மதிக்கிறியா? இத்தன வருஷம் ஓடலியா?"

அவள் போனாள். அடுத்த அமாவாசையில் பாலிக் ஏறி உட்கார, மூடி அவனோடு ஏழு விரல் எழும்பியது. இடுக்கிலிருந்து இளஞ்சூடான காற்று வந்தது. வைதான், குத்தினான், தேவாலயப் பாட்டை அபசுரமாகப் பாடினான். இன்னும் எழும்பியது. பயத்தில் குப்புறப் படுத்து, ஹெர்மினாவுக்கு முன்னால் பிறந்து பத்து நாள்கூடத் தங்காத இரண்டு ஆண் குழந்தைகளின் பெயரைச் சொன்னான். புதைத்த நாளுக்குப் பிறகு அந்தப் பெயர்களை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. லிரோக் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை என்பதையும் சொன்னான். மூடி ஒவ்வொரு விரலாக இறங்கிப் படிந்தது. நீர் வடியும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

ஹெர்மினாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, பிழைத்து நின்றது. லிரோக் நாலு மாதம் கழித்துத் திரும்பினாள். அடுத்த பௌர்ணமியில், அவள் உட்கார்ந்தும் மூடி முழுதாக இறங்கவில்லை. ஒரு விரல் மிச்சம் நின்றது. படகில் காத்திருந்த பாலிக்கை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னய்யா பண்ணி வச்ச இத?"

"பேசிட்டிருந்தேன்."

"என்ன பேசின?"

அவன் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னான். அவள் வெகுநேரம் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த அந்த ஒரு விரலும் இறங்கிவிட்டது.

உள்ளே இருக்கும் நஞ்சில் பாதி தீரவே இருபத்து நாலாயிரம் வருஷம் ஆகும் என்று அளவுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கான்கிரீட் உடம்பில் குத்தியதால் பாலிக் ஒரு தாழம்பாய் கொண்டுபோக ஆரம்பித்தான். சோறும் மீன் டின்னும் லிரோக் கட்டிக்கொள்வாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று ஹெர்மினா கேட்டபோது, எப்போது வேண்டுமானாலும் வா, பௌர்ணமியும் அமாவாசையும் மட்டும் வேண்டாம், அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே வீட்டில் இருக்கமாட்டோம் என்று லிரோக் பதில் சொன்னாள்.