சமதளத்தில் நிறுத்திய வண்டி

கொல்லைப்பக்கம் போய்க் குந்திய பூமாலையால் எழுந்திருக்க முடியவில்லை. வேலிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான். இடுப்பின் இடப்பக்கம் கொக்கி போட்டு இழுத்தது. முந்தின நாள் ஜீப்பைத் தள்ளிய வலி. தள்ளுவது ஒன்றும் புதிதல்ல, இரண்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறான். சாவியைத் திருப்பினால் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், விளக்கு மங்கும், அதோடு சரி. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எடுக்காது. வடக்கனந்தலில் அவன் வீட்டுத் தெரு தட்டையானது. அதனால் வண்டியை ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு நடந்து வருவான். காலையில் கல்லை உதைத்துத் தள்ளி, உருளவிட்டு கியரைப் போட்டால் கிளம்பிவிடும். மலையில் அந்தக் கவலையே இல்லை. கரியாலூரில் சரிவில்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். மலைக்கு ஓட்டுகிற டிரைவர்களில் பாதிப்பேர் இப்படித்தான், செல்ஃப் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவர்கள்.

வம்பு கள்ளக்குறிச்சியில்தான். வெள்ளிக்கிழமைதோறும் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் ஏற்றிவந்து தஸ்தகீர் மண்டியில் இறக்குவான். மற்ற நாட்களில் ஆள் ஏற்றிக் கிடைப்பது டீசலுக்கே சரியாகப் போகும். அடுப்பு எரிவது இந்த ஒரு வாடகையில். மண்டி முற்றமோ அம்மியைப் போலத் தட்டை. லோடு இறக்கி முடித்தவர்களே வண்டியையும் தள்ளிவிட வேண்டும். மூட்டைக்குக் கூலி உண்டு, தள்ளுவதற்குக் கிடையாது. லோடுமேன் ராஜாங்கம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்: "பூமாலண்ணன் வண்டிக்கு டீசலே வேணாம். எங்களுக்குக் கஞ்சி ஊத்துனா ஓடும்." போன வாரம் தஸ்தகீரே வெளியே வந்துவிட்டார். "வர்ற வெள்ளிக்கெழம செல்ஃபுல எடுக்கற மாரி இருந்தா வா. இல்லன்னா வேற வண்டிக்குச் சொல்லிட்றேன். இவனுங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்றார்.

அதனால்தான் அவன் மனைவி ஆண்டாளின் இரண்டு ஆடுகளும் விலைபோய், அந்த இடத்தில் ஒரு பெரிய பேட்டரி வந்தது. பழையதைவிட நீளமும் உயரமும் அதிகம். பேட்டரி உட்காரும் தட்டில் அது அடங்காததால், அடுத்த தெரு வெல்டிங் கடை முகம்மது கவுஸிடம் கொண்டுபோய்த் தட்டை அறுத்து அகலப்படுத்தி ஒட்டவைத்தான். எல்லாம் முடித்து ஆசையாகச் சாவியைத் திருப்பினான். டொக். கடைசியில் கவுஸும் சேர்ந்துதான் தள்ளினார். பேட்டரிக்காரன் செல்ஃபைக் குறை சொன்னான். செல்ஃப் மெக்கானிக் அதைக் கழற்றித் தனியே ஓடவிட்டுக் காட்டினான், பம்பரமாகச் சுற்றியது. பேட்டரியும் நல்லது, செல்ஃபும் நல்லது. அப்புறம் நடுவில் எங்கேதான் போகிறது கரண்டு? ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடாதது வலி பாதி, இந்தக் கேள்வி பாதி.

இன்று வியாழக்கிழமை, காலையிலேயே ஆண்டாளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். அவள் சாவியைத் திருப்ப வேண்டும், அவன் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஜீப்பில் இன்னொரு சங்கடமும் இருந்தது. டீசல் வண்டியை அணைக்க இழுக்கும் குமிழ், பிடிப்பு விட்டுப்போய்த் தானாகவே வெளியே வந்துவிடும். கிளப்பும்போது அதை உள்ளே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆண்டாள் ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு மறுகையால் சாவியைத் திருப்பினாள். டொக். "இன்னொரு வாட்டி, வுடாத புடி" என்றான். பிடித்தாள். சட்டென்று கையை உதறிக்கொண்டு கீழே குதித்தாள்.

"யோவ், சுடுதுய்யா."

"எஞ்சினே ஓடல, இன்னாத்த சுடும்?"

"வந்து தொட்டுப் பாரு. பொய் சொன்னா போன ஆடு திரும்பி வரப் போவுதா?"

தொட்டான். குமிழின் தண்டு அடுப்பில் கிடந்த கரண்டிக் காம்பு போலச் சுட்டது. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பியின் மேலுறை இளகி நாறியது. பூமாலை வலியை மறந்துபோனான். அந்தக் கம்பிக்கும் கரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது வெறும் இழுக்கிற கம்பி. ஒரு முனை பாடியில், மறுமுனை எஞ்சினில். அவ்வளவுதான். அதை விரலால் தடவிக்கொண்டே போனான், வந்தான். எஞ்சின் ரப்பர் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. ரப்பரில் கரண்டு போகாது. பேட்டரியின் மைனஸ் முனையோ பாடியில் மாட்டியிருந்தது. அப்படியானால் செல்ஃபைச் சுற்றிவிட்டு எஞ்சினுக்கு வந்த கரண்டு, இந்தக் கம்பியை விட்டால் வேறு எதன் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது?

முந்தின நாள் கவுஸ் செய்தது நினைவுக்கு வந்தது. தட்டை ஒட்டவைக்கும் முன் கரண்டு திரும்பிப் போவதற்கான எர்த் கிளிப்பை மாட்ட வேண்டிய இடத்தில் உளியால் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைத்துவிட்டுத்தான் மாட்டினார். பெயின்ட்டின்மேல் மாட்டினால் பொறி பிடிக்காது என்றார்.

பூமாலை மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். எஞ்சினுக்கும் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில் பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று, கரேலென்று அப்பியிருந்த பெயின்ட்டுக்குள் கிடந்தது. அவனே அடித்த பெயின்ட். வண்டியின் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்கு, காட்டப் போகும்போது அடிப்பக்கம் முழுக்கக் கறுப்படித்துக் கொண்டுபோவது எல்லோருக்கும் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆளுக்குக் கூலி தராமல் தானே படுத்து அடித்தான். ஒழுங்காக அடிக்க வேண்டுமென்று பட்டையைக்கூடக் கழற்றி, சேஸில் அது உட்காரும் இடத்திலும் பூசி, காய்ந்த பிறகு திரும்ப முடுக்கினான். அதிகாரி குனிந்து பார்த்துத் தலையாட்டியபோது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இப்போது பட்டையைப் பிடித்து இழுத்தான். களிம்பேறிப் பச்சைப் பொடியாகக் கையோடு வந்தது.

"கெடச்சுதா?" என்றாள் ஆண்டாள், குனிந்து.

"கெடச்சுது."

"யாரு பண்ண வேல?"

அவன் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். அவள் கறுப்பு பெயின்ட்டையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஆடுகளின் பேரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள்.

கவுஸ் கடையில் கலியாண மண்டபத்து கேட் ஒன்று பாதி வேலையில் நின்றது. பூமாலை சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. கடையில் கிடைக்கும் கேபிளெல்லாம் அலுமினியம், இந்த வேலைக்கு ஆகாது என்றார். தன் மெஷினின் எர்த் கேபிளை எடுத்துக் கையில் எடை பார்த்தார். பெருவிரல் தடிமன், உள்ளே மயிர் மயிராகச் செம்பு. எங்கோ ஆலை வேலைக்குப் போனபோது வாங்கிவந்தது. ஐந்தடி அளந்து ரம்பத்தை வைத்தார்.

"இன்னா தரணும் பாய்?"

"காசு வேணாம் பூமால. கேபிளாவே குடு. இதே தடி, செம்பு. அலுமினியம் எடுத்துக்கினு வந்து நிக்காத."

ஏரிக்கரைக்குத் திரும்பி, எஞ்சினிலும் சேஸிலும் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இரும்பை வெளுக்கவைத்தான். கேபிளை இரண்டாக அறுத்து, ஒரு துண்டைப் பேட்டரியிலிருந்து நேரே எஞ்சினுக்கும், மறு துண்டை எஞ்சினிலிருந்து சேஸுக்கும் முடுக்கினான். ஆண்டாள் குமிழை முந்தானையால் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அலறிய அலறலில் ஏரியிலிருந்த கொக்குகள் எழும்பிப் போயின. அவள் மெதுவாக முந்தானையை விலக்கி, விரலால் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

மறுநாள் மண்டியில் கடைசி மூட்டை இறங்கியதும் ராஜாங்கமும் இன்னும் இருவரும் பழக்கத்தில் பின்னால் போய்க் கையை ஊன்றி நின்றார்கள். பூமாலை சாவியைத் திருப்பினான். வண்டி சட்டென்று கிளம்பியதில் ராஜாங்கம் காற்றைத் தள்ளி முன்னால் தடுமாறினான். கல்லாவிலிருந்த தஸ்தகீர் ஒரு முறை எட்டிப் பார்த்தார். "வர்ற வாரம் புளி ஜாஸ்தி இருக்கும், வெள்ளனே வந்துடு" என்றதோடு சரி.

அதன்பின் வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. கள்ளக்குறிச்சியில் கடை கடையாகக் கேட்டும் அந்தத் தடிமனில் செம்புக் கேபிள் கிடைக்கவில்லை. அலுமினியத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஒரு சாயங்காலம் சவாரி முடித்து வரும்போது கவுஸ் கடை வாசலில் மண்டபத்து கேட் தெருவோரம் சாய்த்து வைத்திருந்தது. ஐந்தடி குறைந்துபோன எர்த் கேபிள் அங்கே எட்டவில்லை. கவுஸ் கனமான வெல்டிங் மெஷினைத் தனியாளாக மண்ணில் இழுத்துக்கொண்டிருந்தார், அதன் இரும்புச் சக்கரம் புதைந்து நகர மறுத்தது. பூமாலை சரிவு எதையும் தேடாமல் அப்படியே தெருவில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை மெஷினில் ஊன்றித் தள்ளினான். கவுஸுக்கு ஐந்தடி செம்புக் கேபிள் பாக்கி.