ஊமைக்கோட்டானுக்கு ஒரு நாற்காலி

கேட்டில் செக்யூரிட்டி போனை வாங்கி, கேமராவின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். அதனால் ஒரகடத்து கேன்டீன் சாம்பாரை யாரும் படமெடுத்துக் காட்டிவிட முடியாது. எழுதித்தான் காட்ட வேண்டும். டெலிகிராமில் 'சாம்பார் நிலவரம்' என்ற குழு பிறந்த கதை இதுதான். அங்கே சட்டம் இரண்டே: சொந்தப் பெயர் கூடாது, கம்பெனிப் பெயர் கூடாது. எச்.ஆர். ஆட்கள் என்ன வேஷத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்களோ, யார் கண்டது.

சாப்பாட்டு மணி அடித்ததும் நிலவரம் வந்து விழத் தொடங்கும்.

'இன்னைக்கு முருங்கக்கா சாம்பார். முருங்கக்கா மட்டும் லீவு,' என்று ஆரம்பிப்பான் ஓட்டி ஓணான்.

'எங்க ரசத்துல மூஞ்சி தெரியுது. அப்படியே தல வாரிக்கினேன்.' இது வாலாஜா வடை.

'நீங்கல்லாம் கொடுத்து வச்சவுக. எங்களுக்கு ஊத்துனது ரசமா, கை கழுவ வச்ச தண்ணியான்னு இன்னும் வெளங்கல,' என்பான் நெத்திலி. தெற்கே இருந்து வேலைக்கு வந்தவன்.

ஆனாலும் எல்லோரும் காத்திருப்பது கொத்தவரங்காவுக்கு.

'சாம்பார்ல ஒரே ஒரு பருப்பு மெதந்துச்சு. தனியா கீதேன்னு பேச்சுக் குடுத்துப் பாத்தேன். அதுவும் கான்ட்ராக்டாம்.'

சிரிக்கும் முகங்கள் வரிசைகட்டி வரும். கொத்தவரங்காவுக்குச் சரிக்குச் சரி நிற்பது மிளகாத்தூள் ஒருத்திதான். 'ஒனக்கு பருப்பாச்சும் பேசுது. எங்க பேட்ச் ஒரு மணி நேரம் கழிச்சிப் போவுது. அதுக்குள்ள பருப்பு ரிசைன் பண்ணிட்டுப் போயிடுது,' என்பாள். இரண்டு பேரும் மாதக்கணக்காய் ஒருத்தி கம்பெனியை ஒருத்தி தாழ்த்திக் கொண்டிருந்தார்கள்.

கொத்தவரங்கா என்பவள் ரஞ்சனி. காருக்குப் போகும் ஒயர்க்கட்டுகளைப் பலகையில் அடுக்கிக் கட்டும் லைனில் ட்ரெய்னி. அந்த லைனில் அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. வாயில்தான் எல்லாம் வந்து நிற்கும், நல்ல நல்ல வாக்கியங்களாக. எதிரே ஒரு முகம் இருந்தால் அவை அப்படியே உள்ளே திரும்பிவிடும். முகமில்லாத இடத்தில் மட்டும் அவை கூச்சமின்றி வெளியே வந்தன. அங்கே எழுதுபவள்தான் தான் என்றும், லைனில் நிற்பது அவளுக்குப் பதிலாக வந்த ஆள் என்றும் ரஞ்சனி நம்பத் தொடங்கியிருந்தாள்.

அந்தப் பதிலாள் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது.

அதனால்தானோ என்னவோ, மிளகாத்தூள் தன் லைனில் இருக்கும் ஓர் ஊமைப் பெண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது ரஞ்சனிக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. 'திட்டினாலும் தலையாட்டுது, பாராட்டினாலும் தலையாட்டுது' என்று மிளகாத்தூள் எழுதினாள். 'கழுத்துல ஸ்பிரிங் போட்டு அனுப்பி கீறாங்க. வாரன்டி கார்டு தேடிப் பாரு' என்று ரஞ்சனி பதில் எழுதினாள். ஊமைக்கோட்டான் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. 'ஊமைக்கோட்டான் நியூஸ் இன்னா?' என்று ஓணான் தினமும் விசாரிக்கும் அளவுக்கு அந்தப் பெண் குழுவில் பிரபலமாகிவிட்டாள்.

ரஞ்சனியின் லைனில் அந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ஓர் இடம் காலியானது. முடிந்த ஒயர்க்கட்டைச் சோதிக்கும் வேலை. உட்காரலாம், நாற்காலி உண்டு. அதைவிட முக்கியம், அந்த நாற்காலிக்குப் போன ட்ரெய்னியை யாரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. மற்றவர்களுக்குக் கான்ட்ராக்ட் முடிந்தால் அவ்வளவுதான். பெயர் கொடுப்பது லைன் லீடர் பாஞ்சாலி. வணக்கத்துக்கே புருவத்தைச் சுருக்குகிற பெண்மணி. ரஞ்சனிக்கு அந்த இடம் வேண்டும். கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் பாஞ்சாலியின் காலணியைப் பார்த்தபடி நின்றுவிட்டு வந்தாள்.

அப்படி நின்றுவிட்டு வந்த ஒரு மதியத்தில்தான் மிளகாத்தூள் குழுவில் கேட்டாள்.

'ஒரு யோசன சொல்லுங்கப்பா. செக்கிங்கு ஒரு ஆள் அனுப்பணும். ஊமைக்கோட்டான் கை சுத்தம், கண்ணும் சுத்தம். வாய்தான் இல்ல. இன்னொருத்தி கை சுமாரு, ஆனா பேசுவா. கொத்தவரங்கா, நீ சொல்லு.'

எல்லா ஒயர் கம்பெனியிலும் டேபிள் இருக்கும், நாற்காலி இருக்கும். அதனால் ரஞ்சனிக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. எங்கோ ஒருத்தி வாயைத் திறக்காமலே நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்பதுதான் உறைத்தது.

'தப்பப் பாக்கறது கண்ணு. தப்புன்னு சொல்றது வாய். பாதி ஆளுக்கு எதுக்கு முழு நாற்காலி?' என்று எழுதினாள்.

அன்றைக்குக் குழுவில் வந்ததுபோல் சிரிப்பு முகங்கள் அவளுக்கு என்றும் வந்ததில்லை. நெத்திலி, 'கொத்தவரங்கா, நீ கலெக்டருக்குப் படிச்சிருக்கலாம்' என்றான். லைனுக்குத் திரும்பிய பிறகும் அவள் உதடு தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மாலை, குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மிளகாத்தூள் எழுதியிருந்தாள்.

'நீ சொன்னதுதான் கரெக்டு. இன்னைக்கு ஊமைக்கோட்டான் பாத்ரூம் போவக் கேக்கத் தெரியாம, ஸ்கூல் புள்ளையாட்டம் ஒத்த வெரல தூக்கிக்கினு நிக்குது. நானும் வேணும்னே பாக்காத மாதிரி இருந்தேன். பத்து நிமிசம் நின்னுச்சு.'

ரஞ்சனியின் கட்டைவிரல் பழக்கத்தில் ஓடியது. 'கொடி ஏத்திக் கீது, சல்யூட் அடிச்சிருக்கலாமே' என்று எழுதி அனுப்பிவிட்டாள். ஓணான் உருண்டு சிரித்தான்.

அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள்.

இன்று லைனில் தூக்கிப் பிடித்த அந்த விரல். அந்தப் பத்து நிமிடம். பாஞ்சாலி முதுகைக் காட்டி நின்றது. உடம்பின் சூடு முழுவதும் காதில் ஏறியது. கொத்தவரங்காவுக்கு இத்தனை நாளும் ரஞ்சனியை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், ஒரு நாளாவது அவளை நின்று பார்த்ததுண்டா? முதல் பேட்ச்சில் தான் குடித்த அதே சாம்பாரைத்தான் ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் ஊற்றி, மிளகாத்தூளுக்கு ஊற்றியிருக்கிறார்கள் என்பதும் புரிந்தது. அந்த நிலையிலும் அதில் ஒரு நல்ல வாக்கியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

குழுவில் 'அது நான்தான்' என்று எழுதி, அழித்தாள். எழுதுவதால் நாற்காலி வராது. நேரில் கேட்க வேண்டும்.

காலையில் லைன் கிளம்பும் முன் பாஞ்சாலியிடம் போய் நின்றாள். பக்கத்தில், லைனில் ஓயாமல் பேசும் ஐஸ்வர்யாவும் இன்னும் இரண்டு பெண்களும் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா?" என்றாள் பாஞ்சாலி.

"அக்கா, செக்கிங் டேபிளு எனக்கு வேணும்."

"பார்றா. வாய் கீதா ஒனக்கு? இத்தினி நாளு எங்க வச்சிருந்த, லாக்கர்லயா?"

பெண்கள் சிரித்தார்கள். ரஞ்சனி காலணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். வார்த்தை வந்தது.

"உங்க எதுர்ல யாருக்குக்கா வாய் வரும்? நீங்க குட் மார்னிங் சொன்னாலே மெமோ குடுக்கற மாதிரி கீது. பாத்ரூம் போவ வெரல தூக்கினா முதுவக் காட்டறீங்க. நானு முதுவுகிட்டயா பர்மிஷன் கேக்கறது? அதுக்கு காது கீதா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பாஞ்சாலி அவளையே பார்த்தாள். புருவம் சுருங்கி, மெல்ல விரிந்தது. முகத்திலிருந்து அதிகாரம் ஒரு நொடி வழுக்கி விழுந்தது.

"ஏய்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நீயா அது? கொத்தவரங்கா?"

ரஞ்சனி தலையாட்டினாள்.

"அடிப்பாவி. நேத்து சாயங்காலமே ஐஸ்வர்யா பேர குடுத்துட்டேனே. நீதானடி வேணாம்னு சொன்ன."

"நான் சொன்னா? லைன் லீடர் நீங்களா, நானா?"

பாஞ்சாலி லைன் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழுவில் என்றால் மிளகாத்தூள் இதற்குச் சரிக்குச் சரி எழுதியிருப்பாள். "பேர மாத்த முடியாது. சிஸ்டத்துல ஏத்திட்டாங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஐஸ்வர்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த தோரணையிலேயே நிரந்தரமாகிவிட்டாள். முதல் மணி நேரத்தில் ரஞ்சனியின் ஒயர்க்கட்டு ஒன்று சிவப்பு டேக்கோடு திரும்பி வந்தது.

மற்ற நாளாக இருந்தால் தலையாட்டி, வாங்கி, பிரித்துக் கட்டியிருப்பாள். ரஞ்சனி அதைத் தூக்கிக்கொண்டு டேபிளுக்கே போனாள்.

"இதுல இன்னா தப்பு?"

"கிளிப்பு தலகீழா கீது," என்றாள் ஐஸ்வர்யா.

"நீதான் தலகீழா புடிச்சிக்கினு கீற. நாற்காலி குடுத்தாங்க, சரி. கண்ணு வூட்லயிருந்துதான கொண்டாரணும்?"

ஐஸ்வர்யா கட்டைத் திருப்பிப் பார்த்து டேக்கைக் கிழித்தாள். லைன் முழுக்கத் தலை நிமிர்ந்து பார்த்தது. முகங்கள், எல்லாமே முகங்கள்.  கான்ட்ராக்ட் முடிந்தால் ரஞ்சனியும் போக வேண்டியவள்தான். அது மாறவில்லை. வாய் மட்டும் நிற்க மாட்டேன் என்றது.

"போதும்டி, போய் வேலையப் பாரு," என்றாள் பாஞ்சாலி பின்னாலிருந்து.

"இருங்கக்கா," என்றாள் ரஞ்சனி. "இன்னும் முடிக்கல."