ஜீப்புக்குப் புது பம்ப்

ராணுவம் கழித்துவிட்ட அந்தப் பழைய ஜீப்பை மகள் ஏலத்தில் எடுத்து வந்தபோது அம்மா தடுக்கவில்லை. அதன் பெட்ரோல் பம்ப் ஒழுகத் தொடங்கியதும்தான் பிரச்சினை. ஜீப் நிற்கும் கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். நெடிக்குப் பயந்து அடுப்பே பற்றவைக்கவில்லை. சாப்பாடு கடையிலிருந்து வந்தது. இன்று சாயங்காலத்துக்குள் ஒழுகல் நிற்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்காரருக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். அவரை வரவும் சொல்லியிருந்தாள்.

மகள் வாதாடவில்லை. அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

பேட்டரி வயரைக் கழற்றினாள். டாங்கிலிருந்து வரும் குழாயைப் பிரித்து, அதன் வாயில் ஒரு பென்சிலைச் சொருகினாள். பம்ப்பைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்று துருவேறி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, மறுபடி திருப்பினாள். வந்துவிட்டது.

வாங்கி வைத்திருந்த புது பம்ப் சரியாக உட்காராமல் முரண்டு பிடித்தது. போல்ட்டை மாட்டி, பலம்கொண்ட மட்டும் முறுக்கி இறக்கினாள். குழாயையும் பேட்டரி வயரையும் இணைத்து ஸ்டார்ட் செய்தாள். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில் எஞ்சின் சற்று ஓடியது, இருமியது, அணைந்தது.

"ஒழுகல் நின்னுடுச்சு. கூடவே வண்டியும் நின்னுடுச்சு," என்றாள் அம்மா, வாசற்படியிலிருந்து.

அதற்குள் இரும்புக்காரர் வந்து, கவிழ்த்த பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். சீட்டு ஸ்பிரிங் மட்டும் நன்றாக இருப்பதாக ஆறுதல் சொன்னார்.

மகளுக்குக் காது சூடானது. பேட்டரி வயரையும் குழாயையும் பிரித்து, பம்ப்பை மறுபடி கழற்றி, எஞ்சினில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினாள். உள்ளே சுழலும் தண்டில் ஒரு மேடு உண்டு. அதுதான் பம்ப்பின் கோலை ஆட்ட வேண்டும். அந்த மேடு நேர் எதிரே முட்டிக்கொண்டு நின்றது. கோல் அதன்மேல் ஏறாமல் பக்கத்தில் சிக்கியிருக்கிறது. போல்ட் இறங்கியது தன் முரட்டுத்தனத்தில்தான். நல்லவேளை, கோல் வளையவில்லை.

"அம்மா, முன்னாடி இருக்கிற கைப்பிடியைச் சுத்தணும். வாயேன்."

"நானா? விக்கணும்னு சொன்னவளே நான்தான்டி."

"வித்தாலும் ஓடுற வண்டியா வித்துக்கோ. மெதுவா சுத்து. சொன்னா நிறுத்தணும்."

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். மகளின் விரல் எஞ்சினுக்குள் இருப்பதைப் பார்த்ததும் இன்னும் மெதுவாகச் சுற்றினாள். மேடு விரலை உரசி, மெல்ல விலகிப்போனது.

"போதும்."

இந்த முறை பம்ப் கை அழுத்தத்திலேயே பொருந்தியது. குழாயை மாட்டி, பம்ப்பின் அடியிலிருந்த சின்ன நெம்புகோலைக் கையால் ஆட்டினாள். பம்ப்போடு இருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது. பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் ஓடியது, அணையவில்லை.

அடியில் செய்தித்தாளை விரித்தார்கள். மூவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற வண்டி என்றால் விலையைக் கூட்டிப் போடலாம் என்றார் இரும்புக்காரர்.

அம்மா தாளை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஒழுகினாத்தானே தரேன்னு சொன்னேன், அண்ணே. ஒழுகலையே."

அவர் போன பிறகு மகள் எஞ்சினை நிறுத்தினாள். ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டுகளையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தாள்.