தப்பான மூக்கில் மாட்டிய தட்டு

நவம்பர் 14, வெள்ளி.

ஒன்பது நாளுக்கு முன்னால் ஒரு தப்பு செய்திருக்கிறேன், நேற்றுதான் தெரிந்தது. பலோமா என்ற பசுவின் கன்று என்று நினைத்து வேறொரு கன்றின் மூக்கில் தட்டை மாட்டிவிட்டேன்.

அன்று நாற்பது பசுக்களும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வர, பிறப்புறுப்பில் ஹார்மோன் வளையம் வைத்தோம். கன்று மடியை முட்டிக்கொண்டே இருந்தால் மருந்து வைத்தும் பசு பருவத்துக்கு வரத் தயங்கும். அதனால் கன்றுகளுக்கு மூக்குத் தட்டு: புல் மேயலாம், பால் குடிக்க முடியாது. தாய் எந்தக் கன்றைக் கூப்பிடுகிறது என்று பார்த்துவிட்டு மாட்டு என்று கருவூட்டல் பயிற்சியின் மாலை வகுப்பில் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். பார்க்கவில்லை. பலோமாவின் மடியில் இருந்ததைப் பிடித்து மாட்டினேன். அது தாயில்லாத கன்று. எந்தப் பசுவின் பின்காலிடையிலும் தலையை நுழைத்துத் திருடிக் குடிக்கும்.

நேற்று வளையங்களை எடுத்து, ஊசி போட்டு, வால் மேட்டில் சிவப்புச் சாயம் பூசி, கன்றுகளை வேலிக்கு அப்பால் பிரித்தோம். தட்டு மாட்டியிருந்த கன்றைப் பலோமா திரும்பியும் பார்க்கவில்லை. வெறும் மூக்கோடு, பாதிரியார்போல் கொழுத்திருந்த இன்னொருவனைப் பார்த்துத்தான் கத்தினாள்.

மேஸ்திரி வால்டெமார் மாத்தே இலைக் கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “இந்த நாட்டுல மொத தடவையா திருடனுக்குத் தண்டனை கெடச்சிருக்கு, ரொமினா.”

பலோமா இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை சினையாகவே இல்லை. முதலாளியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

“யார் தப்பா இருந்தா என்னம்மா? இந்த வாட்டியும் வயிறு காலின்னா, கறிக்கடை லாரிதான்.”

இன்று மாலை ஐந்துக்குள் முப்பத்தொரு பசுக்களின் சாயம் அழிந்திருந்தது. பருவத்துக்கு வந்த பசுமேல் மற்றவை ஏறியதன் அடையாளம். பலோமாவின் சாயம் பூசியபடியே இருந்தது. ஆறு மணிக்குப் பார்த்தேன், பாதி இல்லை. யாரும் ஏறியதை நான் பார்க்கவில்லை.

“வேலிக் கம்பியில உரசியிருக்கலாம், மேஸ்திரி.”

“கம்பி உரசினா பக்கவாட்டுல போகும். இங்க பாரு, நடு முதுகுல முடி கலைஞ்சு கெடக்கு.”

குறிப்பேட்டில் ‘பாதி’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன்.

“அத எடு.”

“எடுக்க மாட்டேன்.”

“சரி, சின்னதா போடு.”

சின்னதாகப் போட்டேன். நிமிர்ந்தபோது பலோமா கத்துவதை நிறுத்தியிருந்தாள். கன்றுகள் இருந்த பக்கம் முதுகைக் காட்டி, பக்கத்துப் பசுவின் இடுப்பில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். அதுவும் பருவ அடையாளம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

நாளை: காலை ஏழு மணி. உறைந்த விந்துவை இளக்க வெந்நீர் முப்பத்தைந்து டிகிரி, இரண்டு முறை பார்க்கவும். முதல் விந்துக் குச்சி பலோமாவுக்கு.