ஏரியை ஹனீப் பார்க்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரே வாக்கியமாகத்தான் கிடைத்தது. புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்திலிருந்தவர் யாரிடமோ சொன்னார்: "உம்மா அந்த மல ஏரியப் பாத்துச்சு, வாப்பா பாக்கல." பஸ் வந்தது, போய்விட்டார். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1954 ஐப்பசியில், கருமேகம் சூழ்ந்த மலையில் இரு உள்ளங்கள்...' அடித்துவிட்டேன். உள்ளங்கள் மலையேறுவதில்லை, கால்கள்தான் ஏறுகின்றன.

ஹனீப் பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரி. ஹாஜிரா அவன் மனைவி. ஊரைச் சுற்றி உப்புத் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவள். ஆரம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில், மலைமேல் நல்ல தண்ணீர் ஏரி இருக்கிறதென்று கேள்விப்பட்டு, போய்ப் பார்க்கலாமா என்று ஹனீபிடம் கேட்டாள். ஹனீப் உடனே சரி என்றான். எதற்கும் உடனே சரி என்கிறவன் அல்ல அவன்.

அவனிடம் ஒரு செய்தி இருந்தது. பினாங்கில் சிற்றப்பா கடைக்குப் போகிறான். திரும்ப ஐந்து வருஷமாகும். வீட்டில் சொன்னால் அழுவாள், அக்கம்பக்கம் கேட்கும். மலையில் சொல்லலாம்.

(ஹனீப் கோழையா? இரண்டு நாள் யோசித்தேன். அழுகைக்குப் பயந்தவன் என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

3

அடிவாரத்தில் வாடகை வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏறினார்கள். பாதி மலையில் இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. குறுக்கே ஓடை, செம்மண் நிறத்தில் முழங்காலளவு.

"திரும்பிடலாம். தண்ணி ஏறிக்கினு இருக்குது" என்றான் ஹனீப்.

"இன்னும் கொஞ்சந்தான், வண்டிக்காரர் சொன்னாரே."

"ஏரி எங்கியும் போவாது. இன்னொரு நாளு வரலாம்."

"எப்போ? பினாங்கு போறதுக்கு முன்னாடியா, பொறவா?"

ஹனீப் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"கடுதாசி உங்க சட்டப் பையில இருந்துச்சு. தொவைக்கறப்போ பாத்தேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் கடந்துவிட்டாள். அவன் ஒரு காலை வைத்தான்; தண்ணீர் இழுத்தது; பின்வாங்கினான். அக்கரையைப் பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை.

4

பாறையடியில் ஒரு மணி நேரம் நின்றான். அவள் விழுந்தாளா, இருக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. [இங்கே அவன் திருந்துவதாக ஒரு பத்தி எழுதி நீக்கிவிட்டேன். அவன் திருந்தவில்லை. நடுங்கினான், அவ்வளவுதான்.]

மழை விட்டு, ஓடை வடிந்தபின் அவள் வந்தாள். முந்தானையைப் பிழிந்தாள்.

"ஏரி எப்டி இருந்துச்சு?"

"காத்துல அல அடிச்சிக்கினு இருந்துச்சு. குடிச்சிப் பாத்தேன். இனிப்பெல்லாம் இல்ல, தண்ணி தண்ணியாத்தான் இருக்குது." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "போறதுன்னா போங்க. ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. இப்பவே சொல்லுங்க."

5

'நான் போகல' என்று அவன் சொல்வதாக எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. 'போறேன்' என்று சொல்வதாகவும் எழுதினேன். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து மலையிறங்கும் அந்த இரண்டு மணி நேரத்தை என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். யோசித்தே சொல்லலாம், ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். அவள் நனைந்த புடவையோடு நிற்கிறாள்.