ரெட்டை வராத மூன்று நாட்கள்

பதினோரு வருடமாக எனக்கு வேலை முட்டை பார்ப்பது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு மணி நேரம் என் ஸ்டூலில் வந்து உட்காரட்டும், விழி பிதுங்கிவிடும்.

கறுப்புத் திரை போட்ட அறை. நடுவில் பெல்ட், பெல்ட்டுக்கு அடியில் விளக்கு. முட்டைகள் உருண்டுகொண்டே விளக்கின் மேல் வரும்போது உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒரு தட்டு. ரத்தப் பொட்டு இருந்தால் இன்னொரு தட்டு. ஒரே ஓட்டுக்குள் இரண்டு மஞ்சள் இருந்தால் மூன்றாவது தட்டு. அதை நாங்கள் ரெட்டை என்போம். மற்றதெல்லாம் நேராக அடுக்கும் இடத்துக்குப் போய்விடும். அங்கே நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். பெயர் வைத்தது நான்தான். காலையில் கையுறை மாட்டும்போது பேச ஆரம்பித்தால் சாயங்காலம் அதைக் கழற்றும்போதுதான் நிறுத்துவாள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. ஒன்று பத்தாவது வாரத்தில் போனது, இன்னொன்று பதினாலாவது வாரத்தில். இரண்டு முறையும் அதே இருட்டு அறை, அதே ஸ்கேன் மெஷின். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்துவார். அந்த மௌனம் இருக்கிறதே, அது என் எதிரிக்குக்கூட வரக் கூடாது.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது வீட்டில் வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. வேலை இடத்துக் கழிவறையில் பார்த்தேன். இரண்டு கோடு. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். விளக்கின் மேல் வந்த முதல் முட்டை ரெட்டை.

உள்ளே இரண்டு மஞ்சளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மெதுவாகத் திரும்பின. நான் ஒன்றும் பக்திப் பழம் கிடையாது. கடவுளோடு எனக்கு இரண்டு முறை பெரிய சண்டை நடந்து, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அது எனக்கு வந்தது. எனக்கென்றே வந்தது. இந்தத் தடவை உன்னோடு ஒருத்தர் இருக்கிறார், பயப்படாதே என்று சொல்ல வந்தது.

மறுநாள் ஒன்று வந்தது. அதற்கு மறுநாள் இரண்டு. அப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பத்தாவது வாரம் தாண்டியது, பதினாலு தாண்டியது, நாலு மாதத்துக்கும் மேலாக நான் தினமும் ஒரு ரெட்டையைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன். ரெட்டை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. அவர் பஸ் ஓட்டுகிறவர், கண்ணுக்கு முன்னால் ரோட்டில் இருந்தால்தான் எதையும் நம்புவார். தவிர, சொன்னால் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

இருபதாவது வாரத்தில் குழந்தையின் அசைவு தெரிந்தது. உள்ளங்கைக்குள் ஈயைப் பிடித்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அன்றைக்கு மூன்று ரெட்டை வந்தது. நான் இருட்டில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன். ரேடியோ அடுக்குவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை ரெட்டை வரவில்லை.

கண் அசந்திருப்பேன் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்து போகாமல் பார்த்தேன். வரவில்லை. ரத்தப் பொட்டு வந்தது. ஒன்றல்ல, ஏழு. என்றைக்கும் வருகிற அளவுதான், ஆனால் அன்றைக்கு ஒவ்வொன்றும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. காலையிலிருந்து உள்ளே அசைவே இல்லை.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். விரலால் தட்டினேன். ஒன்றும் இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். ஆனால் எனக்கு அந்த இருட்டு அறை ஞாபகம் வந்தது. நான் போகாத வரைக்கும் டாக்டர் மௌனமாக மாட்டார். அவ்வளவுதான் என் அறிவு வேலை செய்தது. நாளைக்கு ஒரு ரெட்டை வரட்டும், வந்ததும் தைரியமாகப் போகிறேன் என்று எனக்கு நானே ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமையும் வரவில்லை.

அன்றைக்குக் கடவுளைத் திட்டிய திட்டு கொஞ்ச நஞ்சமல்ல. நானா கேட்டேன்? நான் என் பாட்டுக்கு இருந்தேன். தினமும் வந்து வாசல் கதவைத் தட்டிப் பழக்கப்படுத்திவிட்டு, நாள் பார்த்து நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம்? நிறுத்தத் தெரிந்தவருக்கு ஏன் நிறுத்தினேன் என்று சொல்லத் தெரியாதா? நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரிடம் போனில் சுள்ளென்று பேசியிருந்தேன். அதற்காகவா? ஒரு வாய்ப் பேச்சுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு ஆட்டமெல்லாம் உண்டா?"

"ம், உண்டு உண்டு."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியாம என்ன? சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. அளைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து கை கழுவினார். வேறொரு நாளாக இருந்தால், சமைத்தவள் என்ன பைத்தியமா என்று ஒரு வாங்கு வாங்கியிருப்பேன். அன்றைக்கு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்.

வியாழக்கிழமை காலையில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. குளிர் அறையில், போன வாரம் எடுத்து வைத்த ரெட்டைத் தட்டு ஒன்று மிச்சம் இருந்தது. யாரும் வருவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, பெல்ட் தொடங்கும் இடத்தில் மற்ற முட்டைகளுக்கு நடுவே வைத்தேன். வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரைக்குள் ஓடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பெல்ட் நகர்ந்தது. வந்தது. இரண்டு மஞ்சள், பளிச்சென்று.

எனக்கு நானே கடிதம் எழுதித் தபாலில் போட்டு, அதை நானே பிரித்துப் படித்த மாதிரி இருந்தது. உள்ளே ஒரு பொட்டு ஆறுதல் இல்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

திரையை விலக்கிக்கொண்டு ரேடியோ நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணும் பண்ணல. போய் உன் வேலையப் பாரு."

"குளிர் ரூம்லேர்ந்து முட்டைய எடுத்து பெல்ட்ல வெச்சத நான் பாத்தேன். ஏன்க்கா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ரெட்டையே வரமாட்டேங்குதுடி. திங்கக்கெழமலேர்ந்து ஒண்ணுகூட வரல."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எப்படி வரும்? அதான் கோழி பழகிடுச்சே. மூணாம் கொட்டகையில புதுக் கோழி விட்டாங்க, அது ஓய்ஞ்சதும் அஞ்சாம் கொட்டகையில விட்டாங்க. புதுசா முட்டை போட ஆரம்பிக்கிற கோழிக்குக் கணக்குத் தெரியாது, ஒண்ணுக்கு ரெண்டா வெச்சிடும், ரெண்டு மூணு மாசத்துல பழகிடும். நீங்கதானேக்கா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க! நான் வந்த மொத நாளே!"

ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இவளுக்கு மட்டுமில்லை, இவளுக்கு முன்னால் வந்த ஆறு பேருக்கும் இதே வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். பதினோரு வருடத்தில் எத்தனை புதுக் கோழிகளைப் பார்த்திருப்பேன். வேறு எவளாவது இப்படி உட்கார்ந்து அழுதால், அடி அசடே என்று தலையில் குட்டியிருப்பேன். எனக்கு என்று வந்ததும் பதினோரு வருட வேலையும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

அசிங்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அதற்கப்புறம்தான் பயம் வந்தது, உண்மையான பயம். ரெட்டை வந்ததும் நின்றதும் கோழி சமாச்சாரம் என்றால், என் வயிற்றில் அசைவு நின்றது யார் சமாச்சாரம்? அது கொட்டகைக் கணக்கில் வராது. இனி காத்திருக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"போனக் குடு," என்றேன். என் போன் பூட்டி வைத்த அலமாரியில் இருந்தது. அதைத் திறந்து எடுக்கப் பொறுமை இல்லை.

ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கொடுத்தாள். அவள் வாயடைத்து நின்று நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் சீருடையோடு நின்றிருந்தார். பாதி நடையில் வேறு ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலு பேர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ரெட்டை, கோழி, பொய் சொன்னது, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு சிக்னல்," என்றார்.

"என்ன சிக்னல்?"

"என் ரூட்ல ஏழு சிக்னல் இருக்குல்ல. உண்டாயிருக்கேன்னு நீ சொன்ன நாள்லேர்ந்து காலையில மொத நடையில மொத சிக்னல் பச்சையாத்தான் விழும். ஒரு நாள் தவறினதில்ல. நான் யார்கிட்டயும் சொல்லல."

"அடப்பாவி மனுஷா!"

"நேத்து சிவப்பு. இன்னைக்கும் சிவப்பு." மடியில் இருந்த தொப்பியின் விளிம்பைத் திருகினார். "உன்கிட்ட எப்படிம்மா கேப்பேன்? அதான் ஆட்டம் உண்டான்னு கேட்டேன். உண்டுன்னு சொன்ன. கொஞ்சம் நிம்மதியாச்சு, ஆனா சோறு எறங்கல."

ரோட்டில் இருந்தால்தான் நம்புவார் என்று சொன்னேனே, ரோட்டிலேயே வைத்திருந்தார் மனுஷன். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, ஆளுக்கொரு பக்கம் ரகசியமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதிரே இருந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

என் முறை வந்தது.

அதே இருட்டு. டாக்டர் மட்டும் வேறு, வயசில் என்னைவிடச் சின்னப் பெண். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவினாள்.

"எத்தனை நாளா அசைவு தெரியல?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா எதுக்கு வெயிட் பண்ணீங்க?"

என்ன சொல்வேன்? கோழிக்காகக் காத்திருந்தேன் என்றா? வாயை மூடிக்கொண்டேன். அவளும் மூடிக்கொண்டாள்.

அதே மௌனம். வீட்டுக்காரர் என் காலடியில் நின்று கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். கம்பி நடுங்கியது. டாக்டர் கருவியை அழுத்தி, நகர்த்தி, மறுபடி அழுத்தினாள். அவள் கண் திரையை விட்டு அசையவில்லை. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். விளக்கின் மேல் ஒரு முட்டை வரும்போது நானும் இப்படித்தான் வாயடைத்துப் பார்ப்பேன். நல்ல முட்டைக்கும் அப்படித்தான் பார்ப்பேன். பார்க்கிறவள் பேசாமல் இருப்பதற்கு வேறு அர்த்தம் இருக்க வேண்டியதில்லை. இதை நினைத்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன், ஒவ்வொரு மூச்சாக.

அப்புறம் சத்தம் வந்தது. டப டப டப என்று, ஓடி வருகிற மாதிரி.

"இதயம் நல்லா அடிக்குது," என்றாள் டாக்டர். "எல்லாம் நல்லா இருக்கு. அழாதீங்கம்மா, படம் ஆடுது."

நான் அழவில்லை. கட்டிலைக் கம்பியோடு சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது வீட்டுக்காரர்.

"அப்ப ஏன் டாக்டர் ரெண்டு நாளா அசையல?" என்று கேட்டேன்.

"யார் சொன்னது அசையலன்னு? உங்க நஞ்சுக்கொடி முன்பக்கமா ஒட்டியிருக்கு. நடுவுல தலகாணி வெச்ச மாதிரி. இது உதைக்கிறதெல்லாம் தலகாணியில படுது, உங்ககிட்ட வந்து சேரல. குழந்தை கொஞ்சம் திரும்பினா சில நாள் சேரும், சில நாள் சேராது." அப்புறம் குரலைக் கடுமையாக்கினாள். "அதுக்காக அடுத்த தடவையும் தலகாணின்னு நெனச்சு வீட்டுல உக்காராதீங்க. சந்தேகம் வந்தா அன்னைக்கே வரணும். புரியுதா?"

என் வாழ்க்கையில் இவ்வளவு பணிவாக நான் யாருக்கும் தலையாட்டியதில்லை.

"இந்தாங்க, இப்பகூட பாருங்க," என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

சின்னதாக ஒரு கால். மடங்கியது, விறுக்கென்று நீண்டது. வீட்டுக்காரர் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இப்ப தெரிஞ்சுதா?"

"இல்லீங்க."

மறுபடி நீண்டது.

"இப்ப?"

"இல்ல."

"இதுகூடவா? எவ்ளோ பெரிய உதை!"

"ஒண்ணுமே தெரியலீங்க," என்றேன். டாக்டர் சிரித்தாள். அடுத்த உதைக்கும் அவர் கேட்டார், நானும் இல்லை என்றேன். இப்படிச் சந்தோஷமாக நான் யாரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது.